வேண்டிக்கொண்ட வாய்

குமுதா முருகனிடம் வேண்டிக்கொண்டபோது அவள் கையில் புருஷனுடைய செருப்பு இருந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முந்திய கதை அது. அப்போது ராதாகிருஷ்ணன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை துறைமுக வாசலில் பாஸைக் காட்டுவதற்கு வலது கையைத் தூக்கினார்; கை வரவில்லை. பாஸ் எங்கே பாஸ் என்று காவலாளி வேடிக்கையாகக் கேட்டிருக்கிறான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு வேறு யாருடையதோ போல் புரண்டதாம். அவசரப் பிரிவில் அவரைத் தள்ளுகட்டிலோடு உள்ளே கொண்டுபோன தாதி, செருப்பை மட்டும் குமுதாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே அவள் சொன்னாள்: முருகா, இவரை நடக்க வைத்துவிடு, பங்குனி உத்திரத்துக்கு இவரை அலகு குத்திக் காவடி எடுக்க வைக்கிறேன்.

வேண்டியது ஒருத்தி, குத்திக்கொள்ள வேண்டியது இன்னொருத்தர். நம் ஆட்களிடம் இது சகஜம். பிள்ளைக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொள்ளும்போது பிள்ளையைக் கேட்டுக்கொண்டா செய்கிறோம்?

முருகனையும் சும்மா சொல்லக்கூடாது, மூன்றே வாரத்தில் ராதாகிருஷ்ணன் நடந்தார். பேச்சும் மெல்ல மெல்ல நேரானது. லோரி உரிமம்தான் போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற லோரிகளின் எண்ணை எழுதிக்கொள்கிறார். மற்றவன் லோரியைத் திருப்புகிற அழகைப் பார்த்து வயிறெரிவதைத் தவிர அந்த வேலையில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் விளக்கிச் சொன்னார். கோளாறு மூளையில் ஆரம்பிக்கவில்லை, இதயத்தில் ஆரம்பித்தது. சீராகத் துடிக்க வேண்டிய இதயம் தாறுமாறாக நடுங்குகிறது. அதனால் ரத்தம் ஒரு மூலையில் தேங்கி, தண்ணீர் ஓடாத லோங்காங்கில், சாக்கடையில், குப்பை சேர்கிற மாதிரி கட்டிப் போகிறது. அந்தக் கட்டி கிளம்பி மேலே போனால் மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். இதயம் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே இன்னொரு கட்டி எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வரும் பயம் மற்றவர்களைவிட அதிகம் என்றார். குமுதா மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தக் கடைசி வாக்கியத்தை மறக்கவில்லை. தினமும் மாலை ஆறு மணிக்கு அது அவள் காதில் கேட்கும்.

ஆறு மணிதான் மாத்திரை நேரம். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று, வார்ஃபரின் என்று பெயர். மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஓர் எண் வர வேண்டும். அந்த எண்ணைச் சின்னப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பவள் விஷ்ணுப்ரியா, மருந்தகப் பெண். எண் குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அங்கிள் நடக்க வேண்டும் என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். மூன்று அடைப்பு வருகிற இடத்தில் இந்த மாத்திரை இரண்டைத் தடுத்துவிடும் என்றும் சொன்னாள். மூன்றாவதைப் பற்றி குமுதா கேட்டுக்கொள்ளவில்லை.

மலாய்த் தாதிகள் அதை ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து என்பார்கள். தமிழில் அது தண்ணியாக்குகிற மருந்து ஆனது. கிடங்குச் சாப்பாட்டுக் கடையில் அது போதும்: ராதா அண்ணனுக்கு ரத்தமே தண்ணிதான், இனிமேல் தனியாகத் தண்ணி போட வேண்டியதில்லை என்று ஆளாளுக்குக் கிண்டல். ராதாகிருஷ்ணன் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து கையை மடக்கி நரம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் உத்திரம் வந்தபோது அவர் கையில் கம்பு இருந்தது, ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது உத்திரத்துக்குத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. நாற்பத்தெட்டு நாள் விரதத்தை இரண்டு பேரும் சேர்ந்தே தொடங்கினார்கள். வீட்டில் மரக்கறி மட்டும், தரையில் பாய், அதிகாலைக் குளியல். கீரை திடீரென்று கூடினால் மாத்திரையின் வேகம் குறையும் என்று விஷ்ணுப்ரியா சொல்லியிருந்ததால், குமுதா விரதச் சாப்பாட்டிலும் கீரையைக் கரண்டி பார்த்துத்தான் வைத்தாள். அவ்வளவு கவனம். ஆனால் அலகு விஷயத்தை மட்டும் அவள் விஷ்ணுப்ரியாவிடம் வாயே திறக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், தெரிந்ததால் கேட்கவில்லை.

கோவிலில் பெயர் கொடுக்கப் போன அன்றும் அப்படித்தான். அலகு குத்துகிற தம்புசாமி அண்ணன் எல்லோரையும் கேட்கிற மாதிரி இவரையும் கேட்டார், சீனி வியாதி உண்டா, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று. ஒன்றும் இல்லை என்றார் ராதாகிருஷ்ணன். பக்கத்தில் நின்ற குமுதா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி வாரத்தில் அவருக்குப் பக்தி கூடிப்போயிற்று. ஆறு மணிக்கு அவள் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினால், சாமி கும்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று மாத்திரையோடு சாமி அலமாரிக்குப் போய்விடுவார். கண்ணை மூடி நிற்பார், நெற்றியில் திருநீறு பூசுவார், திரும்பி வந்து தண்ணீரைக் குடிப்பார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பக்தியா என்று குமுதாவுக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விளக்குத் தேய்ப்பதற்காகச் சாமி அலமாரியை ஒழித்தாள். உத்திரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. திருநீற்றுத் தட்டில் புதுத் திருநீறு நிரப்பலாம் என்று பழையதைக் கொட்டினால், அதோடு சேர்ந்து ஐந்து மாத்திரைகள் விழுந்தன. திருநீறு ஒட்டிய இளஞ்சிவப்பு மாத்திரைகள். குமுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று விரலை மடக்கினாள்.

ராதாகிருஷ்ணன் மறைக்கவில்லை. குப்பையில் போட மனம் வராமல்தான் சாமியிடம் வைத்தேன் என்றார்.

"ஏழு தடவ அலகு போட்டிருக்கேன், குமுதா. ஒரு சொட்டு வந்ததில்ல. இந்த மருந்தோட போய் நின்னா குழாய் ஒடைஞ்ச மாதிரி ஊத்தும். பாக்கறவன் என்னா சொல்வான்? விரதத்துல கள்ளத்தனம் பண்ணிட்டான்னு சொல்வான் லா."

அதுதான் விஷயம். சுத்தமாக விரதம் இருந்தவன் உடம்பில் வேல் ஏறினால் ரத்தம் வராது என்பது அந்தக் கோவிலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒருவனுக்குக் கன்னத்தில் ரத்தம் வழிந்தால் சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், பிறகு ஆறு மாதத்துக்கு அவன் எங்கே தின்றான், எதைக் குடித்தான் என்று பேசுவார்கள். லோரி போனது, கையில் இருந்த பலம் பாதி போனது, ரத்தம் தண்ணி என்று கிண்டலும் ஆயிற்று. மிச்சமிருக்கிற ஒரு பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார். குமுதாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்கானது.

விஷ்ணுப்ரியாவுக்குப் போன் போட்டு இந்தத் தடவை எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் எந்த நாளிலிருந்து என்று கேட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஆன்டி, அஞ்சு நாள்ல மருந்தோட வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும். இப்ப அங்கிளுக்குக் காவல் இல்ல. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, ரத்தம் பாக்கணும். விட்டதுக்குச் சேத்து ரெண்டு மூணு போட்ராதீங்க, வழக்கமான ஒன்னுதான். வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு குளறுனா, அஞ்சு நிமிஷத்துல சரியாப் போனாலும் ஆம்புலன்ஸ் கூப்புடுங்க."

ராதாகிருஷ்ணன் கிளினிக்குக்கு வரவில்லை. இரண்டு நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை காவடியை இறக்கி வைத்த கையோடு போட்டுக்கொள்கிறேன் என்றார். அன்று மாலை ஆறு மணிக்குக் குமுதா நீட்டிய மாத்திரை, அவள் கையிலேயே வியர்வையில் கரைந்து உள்ளங்கை சிவந்தது.

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு அவர் பால் குடித்துக்கொண்டிருந்தார். துண்டு கேட்டார். துண்டு என்றுதான் கேட்க நினைத்திருப்பார், வந்தது குண்டு, பிறகு குண்டுகூட இல்லை, வெறும் ஒரு சத்தம். டம்ளர் வலது கையிலிருந்து நழுவி மடியில் பால் கொட்டியது. அவர் பாலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரியுங்கள் என்றாள் குமுதா. பாதி முகம் சிரித்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பத்தொன்பதுக்கு அவர் விரல்கள் அவள் விரல்களை அழுத்தின. ஏழு இருபத்திரண்டுக்குத் துண்டு என்று திருத்தமாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது, எதற்கு இந்த ஆர்ப்பாட்டம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று முனகினார். குமுதா அவருடைய செருப்பை எடுத்துவந்து கால் முன்னால் வைத்தாள்.

"போன தடவ இத என் கையில குடுத்தாங்க. இந்தத் தடவ நீங்களே போட்டுக்கிட்டு நடந்து வாங்க."

மருத்துவமனையில் எண் ஒன்றே கால்தான் வந்தது. படம் எடுத்துப் பார்த்த இளம் டாக்டர், சின்னக் கட்டி ஒன்று வந்து தானாகக் கரைந்துவிட்டது, அங்கிளுக்கு அதிர்ஷ்டம், அடுத்தது கரையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். மருந்தைத் திரும்ப ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் போன பிறகு ராதாகிருஷ்ணன் மெதுவாகச் சொன்னார், நாளை காலை சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பப் போவதாக. சாமி காரியம் நிற்கிறது. அதுவரைக்கும் மாத்திரை வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை செய்கிற மகள் மாதவி கொம்யூட்டர் ரயில் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். அழுதாள், சண்டை போட்டாள், அப்பா என்று காலைப் பிடித்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்குத் தாதி சின்னக் கிண்ணத்தில் மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

குமுதா அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷனை இங்கே கொண்டுவந்தது இதயமா, அவருடைய பெயரா, தன் வாயா என்று யோசித்தால் கடைசியில் தன் வாயில்தான் வந்து நின்றது. அவரா கேட்டார் அலகு குத்தச் சொல்லி?

"நாளைக்கு நான் போறேன்," என்றாள்.

"எங்க?"

"கோவிலுக்கு. நானுந்தான் நாப்பத்தெட்டு நாள் பாயில படுத்தேன். வேண்டுன வாய் என்னோடது. அந்த வாயிலயே வேல் போட்டுக்கிறேன். நீங்க இங்க மாத்திரையப் போடுங்க."

பைத்தியம் என்றார் ராதாகிருஷ்ணன். காது குத்தும்போதே மயங்கி விழுந்தவள், இவள் நாக்கில் வேலா என்றார். மாத்திரையை மட்டும் போடவில்லை. மாதவியை அங்கேயே காவல் வைத்துவிட்டு, அப்பா கையெழுத்துப் போடப் பேனா கேட்டால் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுக் குமுதா கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை, காவடிகள் புறப்படும் ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. தம்புசாமி அண்ணனிடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை, மருந்து, கட்டி, திருநீற்றுத் தட்டு எல்லாவற்றையும் சொல்லி, புருஷனுக்குப் பதிலாகத் தன் நாக்கில் வேல் போடக் கேட்டாள். அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"ரத்தத்துக்கு மருந்து சாப்புடுறவங்கள நான் தொட மாட்டேன், தங்கச்சி. கேட்டேன்ல? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்து சொல்லாததற்குத்தான் இப்போது வாயைத் திறக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவர் அவளைக் குளித்துவிட்டு வரச் சொன்னார்.

சின்ன வெள்ளி வேல்தான், விரல் நீளம். நெற்றியில் திருநீறு அப்பி, நாக்கை நீட்டச் சொன்னார். வேல் வேல் என்று சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். வலித்தது. எல்லோரும் வலிக்காது என்பார்கள், குமுதாவுக்கு நன்றாகவே வலித்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு சொட்டு ரத்தம் நாக்கு நுனியிலிருந்து மஞ்சள் புடவையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. சத்தம் சட்டென்று குறைந்ததை அவள் கவனித்தாள். அவள் தெருக்காரி வீரம்மா பக்கத்தில் நின்றவளிடம், விரதத்தில் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்றது காதில் விழுந்தது. அம்மாதிரி பேச்சுக்கு வழக்கமாகக் குமுதாவிடம் பதில் தயாராக இருக்கும். இன்றைக்கு வாயில் வேல். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

நடக்க நடக்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ரத்தம் வந்துவிட்டது, எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அதற்காக வானம் இடிந்து விழவில்லை. இந்த இரண்டு சொட்டுக்குப் பயந்துதான் அந்த மனுஷன் உயிரைத் திருநீற்றுத் தட்டில் போட்டு வைத்திருந்தார். பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்து, வேலைக் கழற்றி, திருநீறு வைத்து அழுத்தியபோது மணி மூன்று.

ஐந்தரைக்கு வார்டு வாசலுக்கு வந்தாள். நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த மலாய்த் தாதி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ராதாகிருஷ்ணன் என்று சொல்ல வேண்டும். குமுதாவின் வாயில் வந்தது வேறு என்னமோ. இன்னொரு முறை முயன்றாள், அது இன்னும் மோசம். தாதி பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். ஆன்டி, என்னைப் பாருங்கள், சிரியுங்கள் என்றாள். இரண்டு கையையும் தூக்குங்கள் என்றாள். எத்தனை மணியிலிருந்து இப்படி என்றாள். குமுதா இல்லை இல்லை என்று தலையாட்ட, அந்தப் பெண் அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

பேனா கிடைக்காமல் வார்டிலேயே தங்கிப்போன ராதாகிருஷ்ணன், உள்ளே கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி வார்டு வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், வாயிலிருந்து குழறல் வருகிறது. அந்தக் குழறல் அவருக்குத் தெரியும். துறைமுக வாசலில் தன் வாயிலிருந்து வந்தது அதுதான். அவர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பின்னாலேயே மாதவி ஓடி வந்து, அம்மா நாக்கில் வேல் போட்டுக் கழற்றிவிட்டு வருகிறார் என்று மலாயில் விளக்கிச் சொன்ன பிறகுதான் தாதி நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தாள்.

ராதாகிருஷ்ணன் குமுதாவின் தோளைப் பிடித்தபடி நின்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த அரை நிமிடத்தில் அவர் எதைப் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒன்றரை வருடமாகத் தினமும் ஆறு மணிக்கு அவள் பார்த்துக்கொண்டிருந்த அதைத்தான். கட்டில் வரைக்கும் இருவரும் நடந்தார்கள்.

"ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சி." குழறலாகத்தான் வந்தது.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"எல்லாரும்."

ராதாகிருஷ்ணன் வெகுநேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு அதே தாதி, கிண்ணத்தில் புது மாத்திரையைக் கொண்டுவந்தாள். அவர் அதைக் கையில் எடுத்தார். கும்பிடப் போகவில்லை, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

குமுதா கிட்டே வந்து, ஆ காட்டுங்க என்றாள். ஒரு முறை ஏமாந்தவள். அவர் வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கியும் காட்டினார். ஒன்றும் இல்லை, மாத்திரை உள்ளே போய்விட்டது.

"நீயும் காட்டு," என்றார்.

குமுதா நாக்கை நீட்டினாள். நடுவில் கறுத்த ஒரு சின்னப் புள்ளி இருந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.